மூணா, நாலா?

"மறுபடியும் ஊமையாயிடுச்சு தம்பி. சாயங்காலம் பொண்ணு வீடியோல வருவா. அவ வாயசைக்கிறதை மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று புலம்பியபடியே கதவைத் திறந்தாள் அந்த அம்மா.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நேரே மேஜைக்குப் போனான். அந்த வீட்டில் அவனுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கு வெள்ளி வருகிறான்.

"இவதான் தம்பி எதையோ அமுக்கிட்டா" என்றார் பெரியவர்.

"நானா? பட்டனைக் கண்டாலே குத்திப் பாக்குறது யாரு? நீங்களா, நானா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய அறையில் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கடகடவென்று ஓடும் ஒரு ஃபேன்.

"ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு ஐயா. மெஷினோட உள்ளறை மாதிரி. கண்ட இடத்துல கை வெச்சா மொத்தமும் படுத்துடும். அதனால முதல்ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கணும். இதோ பாருங்க, சவுண்டு டிரைவர். இங்க மூணு இருந்தா சத்தம் வரும். நாலு இருந்தா தூங்கிடும். இப்ப நாலு இருக்கு."

"நாலா! அதை யாரு மாத்துறது?" பெரியவர் மனைவியை முறைத்தார்.

நாலை மூணாக்கி, மெஷினை அணைத்து மறுபடி போட்டான். பாட்டு வந்தது.

"கையைக் கழுவு, சாப்பிடலாம்."

"வேணாம்மா, ரூம்ல..."

"ரூம்ல உனக்கு யாரு ஆக்கி வெச்சிருக்கா? உக்காரு."

பணத்தை நீட்டினால் அவன் எப்போதும் வாங்க மாட்டான். சாப்பாட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான்.

"மாப்பிள்ளை புது மெஷின் வாங்கித் தரேங்கிறார் தம்பி. அப்புறம் உனக்கு இந்த அலைச்சல் இல்லை" என்றார் பெரியவர்.

அவன் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"எதுக்கு ஐயா வீண் செலவு? இது இன்னும் ரொம்ப நாள் ஓடும்."

கிளம்பும்போது, "எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன்" என்று மேஜையில் குனிந்து ஏதோ தட்டிவிட்டுப் போனான்.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கியது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். பதறாமல் ஒரு நகல் எடுத்து வைத்தார். பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திறந்தார்.

"என்னங்க, இன்னைக்கும் நாலாக்கிட்டுத்தான் போயிருக்கானா?"

"ஆமா. இதோ மூணாக்கிட்டேன். பொண்ணு கூப்பிடட்டும்."

"புது மெஷின்னு சொன்னதும் அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்தீங்கல்ல? மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, மறக்காம திரும்ப நாலாக்கிடுங்க!"