துணிக்கூடைக்குள் அப்பா

சின்னவன் என்னை அழுக்குத் துணிக்கூடையில் ஒளித்து வைத்துவிட்டு ஓடினான்.

என்னை என்றால், போனை. வீடியோ காலில் நான் இருந்தேன். மேலே அவனுடைய நீலச் சட்டை விழுந்து திரை இருண்டுபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரை பிள்ளைகள் என் பொறுப்பு. அந்த அரை மணி நேரத்தில்தான் அவர்கள் அம்மா ஒரு வாரத்துத் துணியைத் துவைக்கப் போடுவாள். அப்பா மாற்றலாகிப் போய் நாலு மாதம் என்று பெரியவள் விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறாள். ஏழு வயது. கணக்கில் கெட்டி.

போன் வழியாகப் பிள்ளைகளைச் சமாளிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கதை சொன்னால் இரண்டே நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்று ஒரு பதில், அவ்வளவுதான். ஓடவிட்டால் மட்டுமே என்னோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் யார் யார் வீட்டிலோ வாட்டர் ஃபில்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டே வாரம் முழுக்க விளையாட்டு யோசிப்பேன். போன மாதம் தலையணைகளைத் தரையில் போட்டு ஆறு தாண்டினார்கள். ஒருமுறை காலுறைகளை உருண்டையாகச் சுருட்டிப் பக்கெட்டில் எறிந்ததில் ஒரு கண்ணாடி டம்ளர் போச்சு. அதற்கு நான்தான் திட்டு வாங்கினேன்.

அலுத்துவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு எப்போதும் அந்தப் பயம்தான்.

இன்றைக்குக் கண்ணாமூச்சி. சின்னவன் என்னை ஒளித்து வைக்க வேண்டும், பெரியவள் தேட வேண்டும். ஹாலில் தவளை மாதிரித் தாவித்தான் தேடலாம். சமையலறைக்குள் பின்பக்கமாக நடந்துதான் போகலாம். நான் சத்தம் போட்டால் அவுட்.

போன வாரம் இந்த ஆட்டம் பத்து வினாடி தாங்கவில்லை. "துணிக்கூடையில அப்பா இல்ல!" என்று சின்னவனே போட்டு உடைத்துவிட்டான். நாலு வயதில் வேறென்ன செய்வான்.

இன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

தொப் தொப்பென்று பெரியவள் தாவுவது கேட்டது. ஃபிரிட்ஜ் திறந்து மூடியது. கட்டிலை யாரோ இழுத்தார்கள். பிறகு கூடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். கண்டுபிடிச்சிடு, கண்டுபிடிச்சிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"போடா, அப்பா எங்கயுமே இல்ல. வா, கீழ போய் பந்து விளையாடலாம்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவுட் ஆனாலும் பரவாயில்லை என்று கூப்பிட்டேன். இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். அழுக்குத் துணிக்கு அடியிலிருந்து என் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது.

மணி பத்து பதினாலு. பதினாறு நிமிடம் இன்னும் பாக்கி இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. போனை வண்டியின் ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வீட்டு வாஷிங் மெஷின் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் சிக்னல் இல்லை, அதனால் ஆபீஸ் வண்டிக்குள்ளிருந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மெஷின் நின்றது. சட்டை விலகியது. வெளிச்சத்தில் பிள்ளைகளின் அம்மா முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"ஐயோ, நீங்களா! கொஞ்சம் விட்டிருந்தா சோப்பு போட்டுத் துவைச்சிருப்பேன்." சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததே தப்பு என்பதுபோல் நிறுத்திக்கொண்டாள். "பிள்ளைங்க கீழ போயிட்டாங்க போல."

"ஆமா. சின்னவன் செருப்பை மாத்திப் போட்டுட்டு ஓடுறான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் தலையைத் திருப்பி பால்கனிப் பக்கம் பார்த்தாள்.

மாற்றல் என்பது நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்ன பொய். பிரிந்த புதிதில் நான் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் சின்னவன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவான். அன்றைக்கே காய்ச்சல் வந்துவிடும். கொஞ்ச நாள் வராதீங்க, அவன் பழகட்டும் என்றாள். நியாயம்தான் என்று சரி சொன்னேன். நான் இருப்பது மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. அது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எங்கே நிறுத்திக்கொண்டு பேசுகிறேன் என்பதுதான் தெரியாது.

திரை ஆடியது. அவள் நடந்துகொண்டிருந்தாள்.

வண்டிக் கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் மாடி பால்கனியில் அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். திடலில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாள். ஓரமாக நிறுத்தியிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் பார்வை நின்றது.

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானேன். இனி இந்த அரை மணி நேரமும் கிடையாது என்றுதான் சொல்லப்போகிறாள்.

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"குனிஞ்சுக்கோங்க," என்றாள், குரலை இறக்கி. "பந்து அந்தப் பக்கம் வருது."

சீட்டிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்தேன். பந்து சக்கரத்தில் முட்டி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவன் வந்து மூச்சு வாங்கினான்.