ஷூவுக்குள் ஓடிய வாட்ச்

"நான் ஊர்ல இல்லாதப்ப அந்த வாட்சைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சது நீதானே? ஒத்துக்கோ."

"எந்த வாட்சுங்க?" என்றாள் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமலே.

"நடிக்காதே. ஷூவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேனே, இருபத்துநாலாவது."

கத்தி நின்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்துமூன்று பழைய ஆட்டோமேட்டிக் வாட்சுகளுக்கு மேல் ஒன்று வீட்டுக்குள் வந்தாலும் அத்தனையும் அவள் தம்பிக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். மைத்துனனோ வாட்சோடு ஸ்கூட்டர் கழுவுகிற பிரகிருதி.

ஆனால் அவரிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்குக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டாம். கட்டியிருக்கும் கை அசைய அசையத் தானே முறுக்கேற்றிக்கொள்ளும். கழற்றி வைத்தால் இரண்டே நாளில் நின்றுவிடும். அறுபது வயது இயந்திரம் மனிதக் கை பட்டதும் உயிர் பெறுகிற அந்த அதிசயத்துக்குத்தான் அவர் அடிமை. ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து ஷூவுக்குள் கையை விட்டால், நொடி முள் இல்லாத அந்த அழகி நிமிடம் பிசகாமல் மணி காட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள் ஓடியிருக்குன்னா யாரோ கட்டியிருக்கணும். வீட்ல இருந்தது நீ ஒருத்திதான்."

சத்தியமாகத் தொடவில்லை என்றாள் அவள். அவர் நம்பவில்லை. உள்ளூரச் சந்தோஷம்தான், அவளுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிவிட்டால் ஒப்பந்தம் காற்றோடு போய்விடுமே. பிடித்திருந்தால் நீயே வைத்துக்கொள் என்று தாராளம் காட்டிப் பார்த்தார்.

"முதல்ல என் தம்பிக்குப் போன் போடுறேன்" என்றாள்.

வழக்கு முற்றி, இருவரும் தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரரிடம் போய் நின்றார்கள்.

"கட்டாம பத்து நாள் ஓடுமா? நீங்களே இவளுக்குச் சொல்லுங்க" என்று ஜெயித்த தோரணையில் வாட்சை நீட்டினார்.

ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்சைச் செருகிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம்கூட ஓடும் சார். உள்ள பேட்டரி போட்டு வித்திருக்கான்."