சுவரில் கொசுவின் படம்

ஊருக்கு ஓரமாக ஓடிய சாக்கடையில் ஒரு கொசு இருந்தது. தன் அழகைப் பற்றி அதற்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "ஊதினா ஒடிஞ்சிடுற காலு, ஊசி மாதிரி மூஞ்சி, நம்மள யாரு மதிக்கப்போறாங்க?" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு காலத்தை ஓட்டியது.

ஒருநாள் அதன் தோழி ஈ மூச்சிரைக்கப் பறந்து வந்தது. "ஏண்டி, பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல உன் போஸ்டர் ஒட்டியிருக்காங்க! ஆளு உசரத்துக்குப் படம். கீழே 'கொசுவை ஒழிப்போம்'னு எழுத்து."

"திட்டித்தானே போட்டிருக்காங்க?"

"திட்டினா என்ன? பேரைச் சொல்லித் திட்டுறாங்கல்ல! நானும்தான் தினம் பலகாரத்துல உக்காருறேன். எனக்கு ஒரு துண்டு நோட்டீஸ் உண்டா?"

கொசுவுக்கு அது நியாயமாகப் பட்டது. நேரே பறந்துபோய்ப் பார்த்தது. படத்தின் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். மாலை போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. "மூக்குதான் கொஞ்சம் பெரிசு. நம்மகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டு அந்த மூக்கின் நுனியிலேயே உட்கார்ந்தது.

சுவரோரமாக ஒரு கொழுத்த பல்லி மெல்ல வந்தது. வேறொரு நாளாக இருந்தால் கொசு அப்போதே பறந்திருக்கும். இன்று ரசிகரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

"இது உன் படம்தானே?" என்றது பல்லி.

"ஆமாண்ணே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலையிலேர்ந்து வந்த எல்லாக் கொசுவும் அப்படித்தான் சொல்லிச்சு" என்றது பல்லி, வாயைத் திறந்துகொண்டே.