கண்ணை மூடிய வழக்கு

பால் திருடிய பூனைக்காக வக்கீல் காக்கை கோர்ட்டில் வாதாடியது.

"என் கட்சிக்காரர் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடிச்சார் ஐயா. பார்க்காத பாலைத் திருட நினைச்சார்னு எப்படிச் சொல்றது?"

நீதிபதி எருமை ஒரு வாரம் அசைபோட்டது. பிறகு, "குற்ற நோக்கம் இல்லை, விடுதலை" என்றது.

அன்றிலிருந்து ஊரில் உள்ள திருடர்கள் எல்லாம் கண்ணை மூடப் பழகினார்கள். எலிதான் ரொம்ப ஒழுங்காகப் பழகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கருவாடு திருடப் போய், நேராகப் பொறிக்குள் நுழைந்தது.

பொறியோடு கோர்ட்டுக்குத் தூக்கி வந்தார்கள். காக்கை பூனைத் தீர்ப்பை நீட்டியது. "இவரும் பார்க்கலை ஐயா."

எருமை எலியிடம் கேட்டது. "இந்தத் தீர்ப்பு உனக்குத் தெரியுமா?"

"தலைகீழ்ப் பாடம் ஐயா!" என்றது எலி பெருமையாக.

"அப்போ தப்பிக்கணும்னு திட்டம் போட்டே கண்ணை மூடியிருக்கே. இதைவிடக் குற்ற நோக்கம் வேற என்ன வேணும்? மூணு மாசம் பொறியிலேயே கிட."

"கண்ணைத் திறந்துகிட்டுத் திருடியிருந்தா மாட்டியிருக்கவே மாட்டேனே, வக்கீலய்யா!" என்று எலி அழுதது.

"அழாதே. உன்னால சட்டம் ஒரு படி வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அடுத்த கட்சிக்காரரான பெருச்சாளியிடம் காக்கை பறந்தது.

"பூனைத் தீர்ப்பு உனக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமே."

காக்கை அதன் மண்டையில் ஒரு கொத்து கொத்தித் திருத்தியது.

"தெரியாது!"