சுருங்கிய படம்

"எனக்கு ஒரு குறையும் இல்ல டாக்டர். அதை நீங்களே எங்க உம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் நஜாத்.

டாக்டர் ராவ்தா கணினியைத் திறந்தார்.

நஜாத்தின் அக்கா ஸகியாவுக்கு மனச்சோர்வு வந்து இரண்டு வருடமாகிறது. முதல் வருடம் முழுக்கப் படுக்கைதான். கூஸ்கூஸ் ரவைச் சோற்றில் போட்ட மீனை முள் பார்த்து எடுத்து, உம்மா அவளுக்கு ஊட்டிவிடுவாள். தையல் ஆலையில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வரும் நஜாத் பாத்திரம் கழுவுவாள். எனக்கும் சீக்கு வந்தால் ஊட்டுவாயா என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, "உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கே" என்றுவிட்டாள் உம்மா.

அக்கா நடிக்கிறாள் என்பதில் நஜாத்துக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான், டாக்டரின் ஆராய்ச்சியில் அக்காவின் மூளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆரோக்கியமான ஆள் ஒருத்தி வேண்டுமாம் என்று ஸகியா சொன்னதும் உடனே சம்மதித்தாள். போன வாரம் வந்து டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, படமும் எடுத்துக்கொண்டாள். இன்றோடு அக்காவின் குட்டு உடைந்துவிடும்.

திரையில் இரண்டு படங்கள் தெரிந்தன. டாக்டர் பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

"ஞாபகத்தைப் பார்த்துக்கற இடம் இது. மனச்சோர்வு நாள்பட்டா சிலருக்கு இது சுருங்கும். இந்தப் படத்துல பாருங்க. சிகிச்சை எடுத்தா திரும்ப வளரவும் வாய்ப்பிருக்கு."

நஜாத்துக்கு வயிறு எரிந்தது. அப்படியானால் நடிப்பில்லை. அக்காவின் நோய்க்குக்கூடப் படம் போட்டுச் சாட்சி.

"இது அக்காவோடதுதானே?"

"இல்லம்மா, உங்களோடது. அக்காவோடது பக்கத்துல இருக்கே, அது. சிகிச்சைக்கு அப்புறம் எப்படித் தேறியிருக்குன்னு உங்ககிட்ட காட்டச் சொன்னதே அவங்கதான். படத்தை மட்டும் வெச்சு நான் சொல்லல. தூக்கம், பசி, அழுகை பத்தி நீங்க சொன்ன பதிலும் அதைத்தான் சொல்லுது."

நஜாத் நாற்காலியின் முனைக்கு நகர்ந்தாள். "நான் உங்க ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்க வந்தவ..."

"ஆராய்ச்சியா?" டாக்டர் புரியாமல் பார்த்தார். "அப்படி ஒண்ணும் நடக்கலையே. 'என் தங்கச்சி ஒரு வருஷமா தூங்கறதில்ல, வீட்டுல யாரும் கவனிக்கல, நான் பட்டதை அவ பட வேணாம்'னு உங்க அக்காதானே உங்க பேரை எழுதி வெச்சுட்டுப் போனாங்க!"