கீழ்த்தளத்துக் குளிர்

"இன்னிக்கே மாத்திக் குடுத்துடு, தோருன்! இந்த மனுஷன் விடுற குறட்டையில எனக்குத் தூக்கமே போச்சு. அவர் கீழ போனாத்தான் எனக்கு நிம்மதி!"

அம்மா உன்னி சமையலறையிலிருந்தே கத்தினாள். வாஃபிள் மாவை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த கை மட்டும் நிற்கவில்லை.

வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள் தோருன். நார்வேயின் ரோரோஸ் ஊரில், யார் வீட்டில் அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மக்கர் பண்ணினாலும் ரிப்பேருக்கு அவள்தான் வரவேண்டும்.

"முதல்ல மெஷினைப் பாத்துடுறேன், உன்னி. அப்புறம் மாத்தறதப் பத்திப் பேசலாம்."

"பாக்க என்ன இருக்கு? கீழ ரூம்ல குளிர்காத்தா ஊதுது. இருந்த ஒரே ஒரு சின்ன ஹீட்டரையும் தூக்கித் தன் அண்ணன் வீட்டுக்குக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கார், புண்ணியவான்!"

புண்ணியவான், அதாவது அப்பா ஸ்டைனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்வில், போய் டார்ச் பிடி. வெளிய இருட்டிடுச்சு" என்றார்.

மகள் இங்வில் கோட்டை மாட்டிக்கொண்டு தோருனோடு போனாள்.

எல்லாம் அந்த மான் வேட்டையில் ஆரம்பித்தது. இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு மூஸ் மான் வேட்டைக்குப் போன அப்பா, அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து முடிந்த மறுநாள் ஒரு மான் தொடையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "சாரி உன்னி, கடைசி நாள்தான் மாட்டுச்சு" என்று சிரித்தபடி வந்து நின்றார்.

"அப்ப அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து! போ, கீழ போய்ப் படுத்துக்கோ!"

அப்பாவும் ரோஷத்தில் போய்விட்டார். கீழ்த்தளத்து அறையில் கட்டில் இருந்தது, ஹீட் பம்ப் இருந்தது. கதகதப்பாக அங்கேயே தங்கிவிட்டார். சாப்பாட்டு மேசையில், "இங்வில், உங்கப்பாவை உப்பைத் தரச் சொல்லு" என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

கூடப் படிக்கும் சின்னெவின் அப்பாவும் முதலில் கீழ்த்தளத்துக்குத்தான் போனார். அப்புறம் ட்ரொண்ஹைம் நகரத்தில் தனி வீடு எடுத்துக்கொண்டு போனவர்தான். சின்னெ இப்போது ஒரு வாரக்கடைசி இங்கே, ஒரு வாரக்கடைசி அங்கே.



நல்லவேளை, கடுங்குளிர் தொடங்கிய வாரமே கீழே ஹீட் பம்ப் நின்றது. அப்பா போர்வையோடு மேலே சோபாவுக்கு வந்தார். சோபா நீளம் போதாமல் கால் வெளியே தொங்கியது. அப்புறம் எப்படியோ அம்மாவோடு பழைய அறைக்கே போய்விட்டார். அம்மா திட்டுகிறாள்தான். ஆனால் நேருக்கு நேர் திட்டுகிறாள். ஒரு தடவை அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால், மெஷினின் வெளிப்பெட்டி கழுத்துவரை பனியில் புதைந்து கிடந்தது.

"அடக் கடவுளே! பாதையில இருந்து வாரின பனியையெல்லாம் இது மேலயா கொட்டுவாங்க? யார் பாத்த வேலை இது?"

இங்வில் டார்ச் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"என்னம்மா, இந்தப் பக்கம் காட்டு."

"அக்கா... நான்தான்."

"தெரியாமக் கொட்டிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான். தினமும் ஸ்கூல் விட்டு வந்து கொட்டுவேன். இது நின்னாத்தான் அப்பா மேல வருவார்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சரி பண்ணிட்டா இன்னிக்கே கீழ போயிடுவார். அப்புறம் வீட்டை விட்டே போயிடுவார். சின்னெ அப்பா மாதிரி. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா. ப்ளீஸ் அக்கா, சொல்லிடாதீங்க."

தோருன் பனியைத் தள்ளிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "ம்" என்றாள். திரும்ப மூடி, திருகுகளை முடுக்கினாள்.

"வா, உள்ள போலாம். வாஃபிள் ஆறிடும்."

இங்வில் டார்ச்சை அணைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தாள்.

"மெஷின் போச்சு" என்று நடுக்கூடத்தில் நின்று அறிவித்தாள் தோருன். "புதுசுதான் மாத்தணும். சரக்கு இல்ல. ஈஸ்டருக்கு முன்னாடி எதிர்பாக்காதீங்க."

"ஈஸ்டரா!" அம்மா கரண்டியை மேசையில் ஓங்கி வைத்தாள். "அதுவரைக்கும் இந்தக் குறட்டையோட நான் மல்லுக்கட்டணுமா? என் தலையெழுத்து!"

"என்ன பண்றது, வேற வழியில்லையே" என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

தோருனின் தட்டில் மட்டும் இன்னொரு வாஃபிள் விழுந்தது, தடிமனாகச் சீவிய பழுப்புச் சீஸோடு.

சாப்பிட்டுக் கிளம்பியவளை வண்டிவரை வழியனுப்பப் போனாள் இங்வில். குளிர்காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சு.

"ரொம்பத் தேங்க்ஸ் அக்கா. எனக்காகப் பொய் சொன்னீங்களே."

"உனக்காகவா?" தோருன் வண்டிக் கதவைத் திறந்தபடி சிரித்தாள். "நீ கொட்டின பனிக்கெல்லாம் அது நிக்காதுடி. உள்ள வயரைக் கழட்டி வெச்சுட்டு, 'ஈஸ்டருக்கு முன்னாடி கிடைக்காதுன்னு அந்த மனுஷன் காதுல விழுற மாதிரி வந்து சொல்லிட்டுப் போ'ன்னு காலைலயே எனக்குப் போன் பண்ணிக் கெஞ்சினதே உங்கம்மாதான்!"