தங்க நட்சத்திரம்

“இன்னிக்கும் பாதியில நின்னா தீவும் கிடையாது, கடலும் கிடையாது” என்று காலையிலேயே கறாராகச் சொல்லித்தான் நீச்சல் குளத்துக்கு அழைத்து வந்திருந்தாள் அவள். பின்னே, சுற்றிலும் கடல் இருக்கிற இடத்தில், வீட்டில் ஒருவருக்கு மட்டும் நீச்சல் தெரியாவிட்டால், லீவு முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டா இருக்க முடியும்?

போனில் டிராவல்ஸ்காரர் கேட்டார். “மேடம், நாலு டிக்கெட்டும் போட்டுடவா?”

“பத்து நிமிஷம் பொறுங்க. பரீட்சை நடக்குது.”

நீச்சல் டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். “மூணு வாரமா சுவத்தப் பிடிச்ச உடும்புப் பிடி இன்னும் விடலக்கா.”

“ஐஸ்கிரீம் ஆசை கூடக் காட்டிப் பாத்துட்டேம்மா.”

டீச்சர் விசில் ஊதினாள். சுவரை விட்ட கைகள் தண்ணீரை அடி அடியென்று அடித்தன. நடுக்குளத்தில் தலை ஒருமுறை முங்கியதும் அவளுக்கு உயிரே போய்த் திரும்பியது. ஆனாலும் கால்கள் விடாமல் உதைத்தன. கடைசியில் எதிர்ச்சுவரைக் கை தொட்டேவிட்டது.

தேறிய பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டுகிற தங்க நட்சத்திரத்தோடு டீச்சர் ஓடினாள். நெற்றி எங்கே முடிகிறது, வழுக்கை எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் உத்தேசமாக ஓரிடத்தில் ஒட்டினாள்.

கரையில் நின்ற ஆறு வயதுச் சின்னவன் துண்டை நீட்டினான். “பரவால்லப்பா. நானும் முதல்ல இப்படித்தான் தண்ணி குடிச்சேன்.”

அவள் போனை எடுத்தாள். “நாலு டிக்கெட்டும் போட்டுடுங்க சார். ஜன்னல் சீட்டு எங்க வீட்டுக்காரருக்கு.”